சங்கிலியை அவிழ்ப்பது முதல் வேலை மட்டுமே

ராஜபாளையத்துக்காரர்களுக்கு நாயைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ஒன்று எங்கள் ஊர் நாய். வெள்ளை வெளேரென்ற உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, ஒடுங்கிய வயிறு, நீண்ட கால்கள் என்று அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அதே ஊரைச் சுற்றியுள்ள மாந்தோப்புகளிலும் தென்னந்தோப்புகளிலும், நாலடிச் சங்கிலியில் ஆயுளைக் கழிக்கும் வெள்ளை நாய்களையும் நான் பார்த்து வருகிறேன். மல்லி அப்படிக் கிடந்தவள்.

அவளை மீட்டோம், உடம்பைத் தேற்றினோம், நல்ல வீடு பார்த்துக் கொடுத்தோம், சில வருடங்கள் கழித்து இழந்தோம். கைவிடப்பட்ட நாயை எடுத்து வளர்க்க நினைப்பவர்கள் என்னிடம் அடிக்கடி ஆலோசனை கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது பெரும்பாலும் மல்லியிடம் படித்ததுதான். இரக்கம் நம்மை அந்த நாயின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அதற்குப் பிறகு வேண்டியதெல்லாம் நிதானம்.

பறிக்காதீர்கள், கேட்டு வாங்குங்கள்

மலையடிவாரத்தில் கைமாறிய ஒரு தோப்பு. மரங்களோடு நாயும் சேர்ந்தே புதிய குத்தகைக்காரரிடம் வந்திருந்தது. பகலில் பம்புசெட் நிழல் நகர்ந்துவிட்டால் நாய் வெயிலில் கிடக்கும். எப்போதோ குட்டியாக இருந்தபோது கட்டிய நைலான் கயிறு கழுத்துச் சதைக்குள் புதைந்து போயிருந்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். காது மடலுக்குள் கொத்துக் கொத்தாக உண்ணி.

குத்தகைக்காரர் கொடுமைக்காரர் இல்லை. தண்ணீர்ப் பாசனமும் கடனுமாக ஓடிக்கொண்டிருந்த மனிதர், அந்த நாயை ஒரு உயிராகப் பார்க்க நேரமில்லாதவர். புறக்கணிப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. அவரிடம் கோபப்பட்டிருந்தால் கதவு அடைபட்டிருக்கும்.

"அண்ணாச்சி, இதை எங்ககிட்ட குடுத்துடுங்களேன். வைத்தியம் பாத்துக்கிறோம்."

"கொண்டு போங்க டீச்சர். காவலுக்குக்கூட ஆகாது. பக்கத்துல போனா கடிக்கும், அத மட்டும் பாத்துக்கோங்க."

சட்டத்தைக் காட்டி மிரட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, மிகக் குட்டையான சங்கிலியில் கட்டுவது, உணவும் தண்ணீரும் நிழலும் கொடுக்காமல் விடுவது, நாயை நடமாடவே விடாமல் எப்போதும் கட்டிப்போடுவது எல்லாவற்றையும் குற்றம் என்றே சொல்கிறது. ஆனால் முதல் முறைக் குற்றத்துக்கு அது விதிக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அந்தத் தொகைக்கு யாரும் அஞ்சப் போவதில்லை. எனவே சட்டத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, பேச்சில் தொடங்குங்கள்.

உரிமையாளர் சம்மதித்தால், நாயை விருப்பத்தோடு ஒப்படைப்பதாக ஒரு தாளில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். உடம்பு தேறி நாய் அழகான பிறகு "என் நாயைக் கொடு" என்று வந்து நிற்பவர்கள் உண்டு. அந்தத் தாள் நாயைக் காப்பாற்றும்.

அவர் கொடுக்க மறுத்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். நீளமான சங்கிலி, கவிழாத தண்ணீர்த் தொட்டி, மேலே ஒரு ஓலைக்கீற்று ஆகியவற்றை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். பலர் வாங்கிக்கொள்வார்கள். அப்படியும் கொடுமை தொடர்ந்தால், தேதியோடு படங்கள் எடுத்து, விலங்கு நல அமைப்பு வழியாகவோ நேரடியாகவோ காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

அடிபட்ட நாயைத் தொடப் போகிறவர்கள் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. கடித்தாலோ கீறினாலோ, காயத்தில் நாயின் எச்சில் பட்டாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சின்னக் கீறல்தானே என்று இருந்துவிடக் கூடாது. ரேபிஸ் அறிகுறி தோன்றிய பிறகு ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை.

பட்டினி கிடந்த வயிறு

முதலில் போன இடம் அரசு கால்நடை மருத்துவமனை. மயக்க மருந்து கொடுத்துத்தான் கழுத்துக் கயிற்றை வெட்டி எடுத்தார் டாக்டர். புண்ணில் புழு வைத்திருந்தது. வீட்டில் இழுத்துப் பிடுங்கியிருந்தால் ரத்தக்குழாய் அறுந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார்.

எலும்பும் தோலுமான நாயைக் கண்டதும் தட்டு நிறையக் கறிச்சோறு வைக்கத்தான் கை போகும். அதைச் செய்யாதீர்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று நிறைய உணவு போனால், ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்ற உப்புகளின் அளவு சட்டென்று சரிந்து இதயமே நின்றுபோகலாம். பஞ்சத்திலிருந்தும் சிறை முகாம்களிலிருந்தும் மீண்ட மனிதர்களிடம் மருத்துவர்கள் கண்டறிந்த அதே ஆபத்து இது. வேகவைத்த கோழிக்கறியும் குழைந்த சோறும் சிறு சிறு அளவாக, நாளைக்கு ஐந்தாறு வேளை கொடுத்தோம். அளவைக் கூட்டும் வேகத்தை டாக்டர் முடிவு செய்தார்.

நம் வீட்டுச் சமையலில் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே சாம்பார் சோறும் குழம்புச் சோறும் வேண்டாம். ஏற்கெனவே ரத்தசோகை உள்ள நாய்க்கு இது இன்னும் கேடு. இரண்டாவது, வேகவைத்த கோழி எலும்பு. சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

ரத்தப் பரிசோதனையில் மல்லிக்கு உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்தது. உண்ணி மூலம் பரவும் எர்லிக்கியா என்ற கிருமி ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும். ஈறு வெளுத்துப் போவது, சோர்ந்து படுப்பது, மூக்கில் ரத்தம் வருவது இதன் அடையாளங்கள். டாக்ஸிசைக்ளின் மாத்திரையை நான்கு வாரம் வரை விடாமல் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு வாரத்தில் நாய் துள்ளத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் அதிகம். நிறுத்தினால் கிருமி உள்ளே தங்கிவிடும். மாத்திரையைச் சோற்றோடு கொடுங்கள், பாலோடு வேண்டாம். பாலிலுள்ள கால்சியம் மருந்தை உடம்பில் முழுதாகச் சேரவிடாது.

உண்ணியை நாயின் மேல் மட்டும் தேடினால் போதாது. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் விரிசலிலும் கதவு இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மருந்து, தரைக்கும் சுவருக்கும் மருந்து என இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

சொறிக்கும் புண்ணுக்கும் பழைய என்ஜின் ஆயில், மண்ணெண்ணெய் தடவுவது எங்கள் பக்கம் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. அது தோலை வேகவைக்கும், நாய் நக்கும்போது உள்ளே போய் விஷமாகும். நமக்கு வாங்கி வைத்த வலி மாத்திரைகளையும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது. ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

வீட்டில் வேறு நாய் இருந்தால் புதிதாக வந்ததை இரண்டு வாரமாவது தனியாக வையுங்கள். டிஸ்டம்பரும் பார்வோவும் வேகமாகத் தொற்றும். தடுப்பூசி, குடற்புழு நீக்கம் எல்லாம் டாக்டர் சொல்லும் வரிசையில் நடக்கட்டும்.

காது கேளாதவளிடம் பேசியது

தோப்பில் அவளைக் கடிநாய் என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் காரணம் விளங்கியது. பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினாலும் பாத்திரத்தைத் தட்டினாலும் காது மடல் அசையவில்லை. நிழலும் காற்றும் மேலே படாதபடி நின்றுதான் இதைச் சோதிக்க வேண்டும். பட்டால் நாய் அதை உணர்ந்து திரும்பிவிடும்.

முழு வெள்ளை நிறத்துக்காகவே தலைமுறை தலைமுறையாக இணை சேர்ப்பதன் விலை இது. உள்காதில் இருக்க வேண்டிய நிறமிச் செல்கள் இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் உறுப்பு சிதைந்துவிடும். ராஜபாளையம், டால்மேஷன் போன்ற இனங்களில் இது நடக்கிறது. அப்படிப் பிறந்த குட்டிகளை விற்க முடியாது. எங்காவது ஒரு தோப்பில் கட்டிவிடுவார்கள். தூங்கிக்கொண்டிருக்கும்போது யாரோ திடீரென்று தொட்டால் அந்த நாய் பல்லைக் காட்டாமல் என்ன செய்யும்? அவளுடைய கோபம் முழுவதும் திடுக்கிடல்தான்.

எனவே வீட்டில் சில ஒழுங்குகள் வைத்தோம். எப்போதும் அவள் கண்ணில் படும்படி முன்பக்கமாகவே வருவது. தூங்கும்போது தொடாமல், தரையைக் காலால் தட்டி அதிர்வை உணரவைத்து எழுப்புவது. எழுந்ததும் முதலில் வாயருகே ஒரு தின்பண்டம். கேட்டைத் திறந்து வெளியே விடாமல், எப்போதும் வாரோடு கூட்டிப்போவது. ஹாரன் கேளாத நாய்க்குச் சாலை எமன்.

பேசுவதெல்லாம் கையால்தான். உள்ளங்கையை நெஞ்சில் வைத்தால் 'நல்ல பிள்ளை'. விரல்களை மடக்கி விரித்தால் 'வா'. கையைத் தாழ்த்தினால் 'உட்கார்'. சைகை காட்டி, அதைச் செய்ததும் உடனே தின்பண்டம் கொடுத்து வந்தால் நாய் பிடித்துக்கொள்ளும். காது கேளாத நாய் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் அது கேட்கும் நாயைவிட வேகமாகவே கற்கும் என்பது என் அனுபவம்.

நம்பிக்கை வருவதற்கு நாய் வளர்ப்போர் ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூன்று நாளில் பயம் தணியும், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் வீடு தன்னுடையது என்று தோன்றும். மல்லிக்கு இன்னும் கூடுதலாகவே ஆனது. முதலில் கட்டில் அடியிலேயே கிடந்தாள். நாங்கள் அவளை வெளியே இழுக்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு விடைத்தாள் திருத்துவேன். ஒருநாள் தானாக வந்து முழங்காலில் தாடையை வைத்தாள். அதுவரை காத்திருப்பதுதான் சிகிச்சையில் மிக முக்கியமான பகுதி.

யாரிடம் கொடுப்பது

எங்கள் வீடு தேரோடும் வீதிக்குப் பக்கத்தில். திண்ணையைத் தாண்டினால் தெரு, தெருவெல்லாம் வண்டி. காது கேளாத நாய்க்கு அது தகுந்த இடமில்லை. அவளைப் பிரிய மனமில்லாததும், அவளுக்கு வேறு வீடு நல்லது என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தன. இதில் எதற்குச் செவி கொடுப்பது என்பதில் மீட்பவர்கள் உறுதியாக இருக்க வேண்டும். எடுத்த நாயையெல்லாம் நாமே வைத்துக்கொண்டால் அடுத்த நாய்க்கு இடமிருக்காது.

கொடுப்பதற்கு முன்னால் கருத்தடை செய்துவிடுவது என் கொள்கை. ரத்த அளவு சீரான பிறகு செய்தோம். செவிட்டுத்தன்மை பரம்பரையாக வருவது. இந்த இனத்துக்கு இருக்கும் கிராக்கியில் அவளைக் குட்டி போடும் இயந்திரமாக்க யாராவது துணியலாம். வயதான பெண் நாய்களுக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் இதனால் நீங்குகிறது.

நாயை எடுத்துக்கொள்ள வருகிறவர்களிடம் நான் கேட்கும் கேள்விகள் இவை. வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டாரா? சுற்றுச்சுவர் எவ்வளவு உயரம்? ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? ராத்திரி நாய் எங்கே படுக்கும்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலே பல நேரம் போதுமானது. "வெளியே கட்டிப்போட்டுடுவோம்" என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவேன்.

தென்காசிப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் கேட்டு வந்தார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். உயரமான சுற்றுச்சுவர், உள்ளே கொய்யாவும் முருங்கையும். அவர்களை உடனே கூட்டிப்போகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து மல்லியோடு இருந்து பழகினார்கள். அந்த அம்மா சைகைகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு நாங்கள் அங்கே போய், அவள் உலாவுவதைப் பார்த்துத் திரும்பினோம். அதற்கப்புறமே விட்டுவந்தோம். அவள் படுத்த பழைய சேலையையும் கூடவே கொடுத்தோம். புது வீட்டில் நாய்க்குத் தெரிந்த ஒரு வாசனை இருக்க வேண்டும்.

"முடியலன்னா யாருக்கும் குடுத்துடாதீங்க, எங்கிட்டயே திருப்பிக் குடுங்க சார்" என்பதை எழுத்திலும் வாங்கினேன். மீட்பவர் தர வேண்டிய உறுதி அது. கொடுத்துவிட்டோம், பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது.

தாமதிக்கக் கூடாத ஒரே இடம்

சில வருடங்கள் நன்றாகப் போயின. பிறகு ஒருநாள் போன் வந்தது. "டீச்சர், மல்லி தண்ணி தண்ணின்னு குடிக்கிறா. சோத்தத் தொட மாட்டேங்குறா."

நெல்லை ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். சிறுநீரகம் பழுதாகியிருந்தது. நாள்பட்ட உண்ணிக் காய்ச்சல் சிறுநீரகத்தையும் தாக்குவதுண்டு. சிறுநீரகத்தின் பெரும்பகுதி கெட்ட பிறகுதான் அறிகுறி வெளியே தெரியும். அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, எடை இறங்குவது, வாயில் கெட்ட வாடை, வாந்தி ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் ரத்தம் பார்த்துவிடுங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்து தேறிய நாய்க்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை அவசியம்.

தோலுக்கடியில் சலைன் ஏற்றியும், பத்தியச் சாப்பாடு கொடுத்தும் சில காலம் ஓட்டினோம். அதற்குமேல் வாயெல்லாம் புண்ணாகி, எழுந்து நிற்க முடியாமல் கிடந்தாள். "ஊசி போட்டுடலாமா?" என்ற கேள்வியை யார் முதலில் கேட்பது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலிலிருந்து நான் நிதானத்தைச் சொல்லி வருகிறேன். இந்த ஓரிடத்தில் மட்டும் அது பொருந்தாது. வலி மட்டுமே மிச்சமிருக்கும் உயிரைக் காக்கவைப்பது நம் மனத்துக்காகத்தான். முடிவெடுக்க எனக்கு உதவிய அளவுகோல் எளியது. தானாகச் சாப்பிடுகிறதா? எழுந்து போய் மலசலம் கழிக்கிறதா? மருந்துக்கு வலி அடங்குகிறதா? நம்மைக் கண்டு கண் மலர்கிறதா? கெட்ட நாட்கள் நல்ல நாட்களை மிஞ்சிவிட்டனவா? காலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குறி போட்டு வாருங்கள். மனம் ஏமாற்றும், காலண்டர் ஏமாற்றாது.

கருணைக்கொலை நடக்கும் விதம் இது: முதலில் மயக்கத்துக்கு ஊசி, அதன் பிறகு அளவு கூட்டிய மயக்க மருந்து. நாய் தூங்கிவிடும், சில நிமிடங்களில் மூச்சு நிற்கும். கண் திறந்தே இருக்கலாம், உடம்பு ஓரிரு முறை துடிக்கலாம். அது வலியால் அல்ல. முன்னமே தெரிந்திருந்தால் அதிர்ச்சி குறையும். முடிந்தவர்கள் கூட இருங்கள். மல்லிக்கு நம் குரல் எட்டாது. அதனால் ஆசிரியரின் மனைவி அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, மயங்கும்வரை உள்ளங்கையை நெஞ்சில் வைத்தபடியே இருந்தார்.

அடக்கம் செய்ய கிணற்றிலிருந்தும் ஆழ்துளைக் குழாயிலிருந்தும் தள்ளிய இடம் வேண்டும். தெருநாய்கள் தோண்டாத ஆழம் வேண்டும். இடமில்லாத நகரவாசிகள் உள்ளாட்சி அலுவலகத்திலோ விலங்கு நல அமைப்பிலோ தகன வசதி கேட்கலாம்.

துக்கம் வெட்கப்பட வேண்டியதல்ல

"ஒரு நாய்க்குப் போயா இப்படி?" என்று யாராவது கேட்பார்கள். அவர்களுக்கு நான் எடுத்தனூரைச் சொல்வேன். திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள அந்த ஊரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில் கருந்தேவகத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்வரைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்லில் எழுதி வைத்தார்கள். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்பே நாயின் காவலைக் கல்லில் பொறித்த மண் இது. நம் கண்ணீருக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

நாய் போன வீட்டில் மனத்தைவிட நேரம்தான் அதிகம் வெறுமையாகிறது. விடியற்காலை நடை, எட்டு மணிச் சோறு, சாயங்கால மாத்திரை எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடும். ஆசிரியர் நடக்கப் போவதையே விட்டுவிட்டார், சர்க்கரை ஏறியது. "மல்லி போன வழியிலயே நீங்க போங்க சார்" என்று கேட்டுக்கொண்டேன். முதலில் அழுதுகொண்டே நடந்தாராம். ஆனாலும் நடந்தார். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் கவனியுங்கள். நாய் இருந்தபோது இருந்த வழக்கத்தை நாய் இல்லாமலும் தொடரச் செய்யுங்கள்.

குழந்தைகளிடம் நாய் ஓடிப்போய்விட்டது, தோட்டத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று பொய் சொல்லாதீர்கள். அவர்கள் வாசலைப் பார்த்துக் காத்திருப்பார்கள். செத்துப்போய்விட்டது, இனி வலிக்காது என்று சொல்லுங்கள். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதுவும் தேடும், சாப்பாட்டைக் குறைக்கும். அதன் நேரங்களை மாற்றாமல் வைத்திருங்கள். இரண்டு நாளுக்கு மேல் எதையும் தொடாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

குற்ற உணர்வு வராமல் இருக்காது. முன்னாலேயே கவனித்திருக்கலாமோ, ஊசி போட்டிருக்கக் கூடாதோ என்று மனம் துருவும். அந்தக் கேள்விகளை டாக்டரிடமே போய்க் கேட்டுவிடுங்கள். தெளிவான ஒரு பதில் பல இரவுத் தூக்கத்தை மீட்டுத்தரும். மாதக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம். தட்டையும் வாரையும் எப்போது எடுத்து வைப்பது என்பது உங்கள் விருப்பம். மீந்த மருந்துகளையும் போர்வைகளையும் கால்நடை மருத்துவமனையில் கொடுத்தால் இன்னொரு நாய்க்கு உதவும்.

அடுத்த நாயை எப்போது கொண்டுவருவது? போனதைப் போலவே வெள்ளையாய், அதே பெயரோடு ஒன்று வேண்டும் என்று தோன்றிக்கொண்டிருக்கும்வரை கொண்டுவராதீர்கள். புதிதாக வருகிறதை அதுவாகவே பார்க்க முடிகிற நாளில் கொண்டுவாருங்கள். இனி நாயே வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பட்ட துயரத்தால், மீட்டதே தவறு என்று நினைத்துவிடாதீர்கள். நாம் எடுக்காமல் விட்டிருந்தால் மல்லி பம்புசெட் ஓரத்தில், யாரும் அழாமல் செத்திருப்பாள்.

உங்கள் தெருவிலோ தோப்பிலோ குட்டைச் சங்கிலியில் ஒரு நாய் கிடக்கலாம். அதை வீட்டுக்குக் கொண்டுவர உங்களுக்கு வசதியில்லாமல் இருக்கலாம். தண்ணீர் வைக்க முடியும், நிழல் போட முடியும், உரிமையாளரிடம் மரியாதையாகப் பேச முடியும். இந்த வாரமே பேசிவிடுங்கள்.